தலைக்கு மேல் உமி

உமிக்காரர் என்றால் அந்தப் பக்கம் நாலைந்து தெருவுக்குத் தெரியும். சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே பின்னால் திரும்பிப் பார்ப்பார். அரிசி மில்லில் மலை மலையாகக் கிடக்கும் உமியை அள்ளி வந்து, தகரக் கூரை போட்ட வீடுகளிலும் கடைகளிலும் கூரைக்குக் கீழே பலகை அடித்து, அந்தப் பலகைக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்கு நிரப்பிவிடுவதுதான் அவருடைய தொழில். மேலே தகரம் கொதிக்கும். அந்தச் சூடு உமியைத் தாண்டிக் கீழே இறங்காது. கீழே இருப்பவர்கள் மனிதர்களாக இருக்கலாம்.

இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் கிடையாது. "அடுப்புல போடறதத் தலைக்கு மேல போடறான்யா" என்று டீக்கடையில் ஒருவர் எடுத்துக் கொடுத்தால், "ஆமா, பொண்டாட்டி மேல கோவம் இருந்தா அவரக் கூப்பிடு" என்று இன்னொருவர் முடிப்பார். சிரித்தவர்களே கோடை வந்ததும் வாசலில் நின்று, "அண்ணே, எப்ப வருவீங்க?" என்பார்கள். துணிக்கடைக்காரர் ஒருவர் ஏசி ஓடும் நேரம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தார். மழைக்காலம் வந்தால் எல்லோருக்கும் உமிக்காரர் மறந்து போவார். அதில் அவருக்கு வருத்தம் இல்லை. குடை தைப்பவனை வெயிலில் யார் தேடுகிறார்கள்?

பேச்சு அவருக்கு அவ்வளவாக வராது. அதற்குப் பதில் ஒரு வித்தை வைத்திருந்தார். தோளில் தொங்கும் துணிப்பையில் இரண்டு டப்பா மூடிகள், இரண்டு பொட்டலம் உமி, ஒரு தீப்பெட்டி எப்போதும் இருக்கும். "தீப்பிடிச்சா என்ன பண்றது?" என்று கேட்காத வாடிக்கையாளர் உலகத்திலேயே இல்லை. கேள்வி முடிவதற்குள் உமிக்காரர் தரையில் குந்தியிருப்பார். முதல் மூடியில் சும்மா அள்ளிய உமி. அதில் தீக்குச்சியை வைத்தால் பெரிதாக எரியாது. ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும், மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே நகர்ந்துகொண்டு போகும். "இது மருந்து போடாதது" என்பார். இரண்டாவது மூடியில் வெங்காரம் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, சுண்ணாம்புத் தூள் கலந்த உமி. அதில் குச்சியை வைத்தால் கருகும், துளி புகை வரும், குச்சியை எடுத்ததும் அணைந்துவிடும். "இது நம்முளுது" என்பார். அதோடு வேலை அவருக்குத்தான்.

இவ்வளவு வீடுகளைக் குளிர வைத்த மனிதர் வாடகைக்குக் குடியிருந்த வீட்டுக் கூரை வெறும் தகரமாகவே இருந்தது. மாடிக்கு மேல் ஒரு தனி அறை, வெளியே இரும்புப் படிக்கட்டு, படி முடியும் இடத்தில் ஒரு தண்ணீர் டிரம். மதியத்தில் அந்த அறை அலமாரியில் வைத்த மெழுகுவத்தி தலையைத் தொங்கப்போட்டுவிடும். தெரிந்தவர்கள் இதை வைத்து நிறையக் கேலி செய்திருக்கிறார்கள். உமிக்காரர் பதில் சொல்வதில்லை. பதில் அறைக்குள் உட்கார்ந்திருந்தது.

அது அவருடைய அக்கா. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போன பிறகு அவரைத் தூக்கி வளர்த்தது அவள்தான். மெத்தை தைக்கும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தாள். ஒருநாள் பஞ்சுப் பொதி ஒன்றுக்குள் எங்கிருந்தோ ஒரு பொறி விழுந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. புகை வரவில்லை, வாடை வரவில்லை. மதியம் அந்தப் பொதியில் சாய்ந்து உட்கார்ந்துதான் பெண்கள் எல்லோரும் சாப்பிட்டார்கள். சாயங்காலம் பொதியைப் பிரித்தார்கள். காற்றுப் பட்டதும் உள்ளே இருந்தது வெளியே வந்தது. கதவு பக்கமாக உட்கார்ந்திருந்தவர்கள் தப்பித்தார்கள். அக்கா கதவு பக்கம் உட்காரவில்லை.

உயிர் பிழைத்தாள். முகத்தில் ஒரு பாதி, கழுத்து, இரண்டு கைகள், முதுகு முழுக்க வெந்து ஆறின தோல். ஆறின தோலில் வேர்வை வராது என்பது அதற்கு முன் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. நாமெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது என்று அலுத்துக்கொள்கிறோம். வேர்க்காத உடம்புக்கு வெயில் என்றால் என்ன என்று அக்காவைப் பார்த்தால் புரியும். உடம்புக்குள் ஏறிய சூடு வெளியே போக வழி இல்லை. பங்குனி பிறந்ததுமே அவளுக்குத் தலை சுற்றும், வாந்தி வரும், பேச்சு குழறும். ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர் டிரம்மின் நிழலோடு நிழலாக நகர்ந்து நகர்ந்து உட்காருவாள். கீழ்த்தளத்தில் வீடு கேட்டு உமிக்காரர் அலையாத இடமில்லை. காலியாக இருந்த வீடுகள்கூட அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வேறு ஆளுக்குப் பேசி முடித்ததாகிவிட்டன. பெண் பார்க்கப் போன இடங்களிலும் அதே கதைதான். கொஞ்ச நாளில் அவர் பெண் பார்க்கப் போவதை நிறுத்திவிட்டார்.

உண்மையில் இந்தத் தொழிலே அவளுக்காகப் பிறந்தது. உமிக்காரர் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலத்தில், மதியம் சாப்பிட்டதும் ஆட்கள் எல்லோரும் கொட்டகையின் ஒரே ஒரு மூலையில் போய் விழுவார்கள். அங்கேயும் தகரக் கூரைதான். ஆனால் அந்த மூலைக்கு மேலே ஒரு பரண், பரண் நிறைய உமி மூட்டை. அதற்குக் கீழே படுத்தால் தூக்கம் சொக்கும். ஒருநாள் படுத்தபடியே மேலே பார்த்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அன்று வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு ஓடினார்.

"அக்கா, நம்ம கூரைக்குக் கீழ பலகை அடிச்சு உமி ரொப்பிட்டா சூடே வராதுக்கா."

"எத ரொப்பிட்டா?"

"உமி."

"டேய், நான் எதுல வெந்தேன்னு மறந்துட்டியா?"

"அது பஞ்சுக்கா. இதுக்கு மருந்து போட்டுடலாம். எரியவே எரியாது."

"அந்தப் பஞ்சும் எரியலதான். அதுல சாஞ்சுதான் சாப்பிட்டேன்."

அவள் தலையணை வைத்துப் படுப்பதில்லை, மெத்தையில் உட்காருவதில்லை. உள்ளே எதையாவது அடைத்து மூடிய பொருள் எதுவுமே அவளுக்கு ஆகாது. பஸ்ஸில் போனால் நின்றுகொண்டே வருவாள். இப்படித்தான் அக்காவுக்காகக் கண்டுபிடித்ததை அவர் ஊருக்குச் செய்யப் போனார். வருஷா வருஷம் கோடை வரும்போது ஒரு முறை கேட்பார், வருஷா வருஷம் அவள் தலையாட்டி மறுப்பாள்.

இந்தக் கோடை தொடக்கத்திலேயே பல்லைக் காட்டியது. ஒரு மதியம் வேலை முடிந்து படியேறி வந்தவர், அக்கா டிரம்முக்குப் பக்கத்தில் கிடப்பதைப் பார்த்தார். கண் திறந்திருந்தது, ஆனால் ஆளைத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஐஸ் வைத்து எப்படியோ மீட்டார்கள். டாக்டர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். "இன்னொரு தடவை இப்படி ஆனா மூளை தாங்காது. இவங்க சூடில்லாத இடத்துல இருந்தே ஆகணும். ஏசி வைக்க முடியுமா?" என்றார். அந்த அறைக்கு வரும் மின்சாரத்தில் ஃபேன் சுற்றுவதே தயவு.

அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். அவர் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே அதுதான் சுத்தமான வேலை. உமியை இரண்டு முறை சலித்தார், இரண்டு முறை வெங்காரத்தில் ஊறவைத்தார். எலி நுழையாமல் நாலு பக்கமும் பொடிக்கண் வலை அடித்தார். ஈரம் நிற்காமல் போக, தகரத்துக்கும் உமிக்கும் நடுவே காற்றோட்டமாக இடம் விட்டார். பலகை இடுக்கில் ஒரு மணி உமிகூடத் தெரியாதபடி பட்டி பார்த்து வெள்ளை அடித்தார். கூட்டிப் பெருக்கினார், மறுபடியும் கூட்டினார். கீழ்வீட்டுத் தையற்காரம்மா எட்டிப் பார்த்து, "அண்ணே, அக்காவுக்குத் தெரியுமா?" என்றாள். "தெரிய வேணாம்மா" என்றார். அவள் வாயைத் திறக்கவே இல்லை. பாவம், அவளால் கெட்டது ஒன்றும் இல்லை.

அக்கா வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். வெளியே நல்ல வெயில். முக்காலியைப் போட்டு ஏறி, தழும்பில்லாத உள்ளங்கையை மேலே பலகையில் வைத்துப் பார்த்தாள்.

"சில்லுனு இருக்குடா. என்ன போட்டே?"

"சுண்ணாம்பும் மண்ணும்."

சுண்ணாம்பு நிஜம்தான். அந்த அளவுக்கு அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

"மண்ணா? பாரம் தாங்குமா? விழுந்தா என்னைத் தனியா புதைக்க வேண்டிய வேலை மிச்சம்" என்று சொல்லி அக்கா சிரித்தாள். பாதி முகம்தான் சிரிக்கும். அது போதும் அவருக்கு.

அந்தச் சில வாரங்களைப் பற்றி என்ன சொல்ல? ஒரு மனுஷி வீட்டுக்குள் இருந்தாள், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. அக்கா பகலில் அறைக்குள்ளேயே இருந்தாள். தையற்காரம்மாவிடம் சட்டைகளை வாங்கி வந்து பட்டன் தைத்தாள். மதியம் சோறு சாப்பிட்டாள், அதுவும் மிச்சம் வைக்காமல். சாப்பிட்டதும் வெறும் தரையில் படுத்துக் குறட்டை விட்டாள். வேலைக்கு நடுவில் ஏதாவது சாக்குச் சொல்லி வீட்டுக்கு வரும் உமிக்காரர், படிக்கட்டின் மேல்படியில் உட்கார்ந்து அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஏமாற்றிவிட்டோமே என்ற உறுத்தல் அவருக்கு இருந்தது. குறட்டை கேட்கும்போது அது இருக்காது.

கோடை உச்சத்தைத் தொட்ட சமயத்தில் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை அவரைத் தேடி வந்தார். கூடவே ஒரு என்ஜினியர். வகுப்பறை எல்லாம் தகரக் கூரையாம். மத்தியானத்துக்கு மேல் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்களாம். லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறப்பதற்குள் போட்டாக வேண்டுமாம். செய்து முடித்த இடம் ஒன்றைப் பார்க்க வேண்டும், அதுவும் இப்போதே, வெயில் இருக்கும்போதே.

"என் வீடு இங்கதாம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

இதைப் பெருமை என்பதா, புத்திகெட்டத்தனம் என்பதா? அவருடைய சிறந்த வேலை அங்கேதான் இருந்தது. அதை இதுவரை ஒருவருக்கும் காட்டவில்லை. தொழில்காரனுக்கு இருக்கும் பலவீனம்தான் அது. ஆனாலும் முன்ஜாக்கிரதையாகத்தான் போனார். உமி, வெங்காரம், வலை எல்லாவற்றையும் கீழே தெருவிலேயே விளக்கி முடித்தார். "மேல எங்க அக்கா உடம்பு சரியில்லாம இருக்காங்க. தொட்டுப் பார்த்துட்டு வந்துடலாம், பேச வேணாம்" என்று சொல்லித்தான் கூட்டிப் போனார்.

அக்கா தூங்கவில்லை. ஆட்கள் வந்ததில் அவளுக்கு ஒரே சந்தோஷம். முக்காடை இழுத்து விட்டுக்கொண்டு இருவருக்கும் தண்ணீர் கொடுத்தாள். அந்நியர் முன்னால் அவள் இப்படி நின்று வருஷக்கணக்காகிவிட்டது. "என் தம்பி வேலைன்னா குறை சொல்ல முடியாதுங்கம்மா. இந்த வெயிலு உள்ள வருதான்னு பாருங்க" என்றாள். தலைமையாசிரியை முக்காலியில் ஏறிப் பலகையைத் தொட்டுப் பார்த்து, "அட, ஆமா" என்றார். என்ஜினியர் கூரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

"எல்லாம் சரி. பிள்ளைங்க இருக்கற இடம். தீப்பிடிச்சா என்ன பண்றது?" என்றார் என்ஜினியர்.

உமிக்காரர் குந்திவிட்டார். யோசித்துச் செய்ததில்லை. கேள்வி காதில் விழுந்ததும் முழங்கால் மடங்கியது, கை பைக்குள் போனது, மூடிகள் இரண்டும் தரைக்கு வந்தன. எத்தனை வீட்டில், எத்தனை கடையில் செய்த வேலை! முதல் மூடியில் குச்சியை வைத்தார். "இது மருந்து போடாதது" என்றார். சிவப்புப் புள்ளி விழுந்து உமிக்குள் ஊர ஆரம்பித்தது. இரண்டாவது மூடியில் குச்சியை வைத்தார். கருகியது, அணைந்தது. "இது நம்முளுது. இந்தக் கூரைல இருக்கறது" என்று சொல்லி, எப்போதும் போல மேலே கையைக் காட்டினார்.

கை மேலே இருக்கும்போதுதான் அக்காவைப் பார்த்தார்.

அவள் கூரையைப் பார்க்கவில்லை. முதல் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஊர்ந்துகொண்டிருந்த அந்தச் சிவப்பை. மெதுவாகச் சுவரோடு சுவராக நடந்து வெளியே போய், டிரம்முக்குப் பக்கத்தில் நல்ல வெயிலில் உட்கார்ந்தாள். தலைமையாசிரியை எதையும் கவனிக்கவில்லை. "ரொம்பத் திருப்தி. நாளைக்கே ஆரம்பிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு என்ஜினியரோடு இறங்கிப் போனார்.

"அக்கா, நீயே பார்த்தியே. நம்முளுது அணைஞ்சு போச்சுல்ல?"

"பார்த்தேன்."

"அப்புறம் என்ன? உள்ள வாக்கா. வெயில்ல இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அணையும்னு எனக்குத் தெரியுதுடா. நீ பொய் சொன்னாலும் வேலையில பொய் இருக்காது. ஆனா உள்ள வந்தா வாடை வருது."

"ஒரு வாடையும் இல்லக்கா!"

"எனக்கும் தெரியும், இல்ல. ஆனா வருது."

அவர் காலைப் பிடித்துக் கெஞ்சினார். கோபித்துக்கொண்டார். பேசாமல் இருந்து பார்த்தார். தையற்காரம்மாவும் தன் பங்குக்குப் பேசினாள். அக்கா யாரையும் திட்டவில்லை. முயற்சிகூடச் செய்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய் உட்காருவாள், கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கத் தொடங்கும், கண் மேலேயே நிற்கும், பலகை இடுக்கு ஒவ்வொன்றாக மோந்து பார்ப்பாள். பிறகு வெளியே ஓடி வந்துவிடுவாள். உள்ளே குளிர்ந்த அறை சும்மா கிடந்தது. வெளியே அக்கா காய்ந்துகொண்டிருந்தாள்.

வேறு வழி இல்லாமல் அவரே பலகைகளைக் கழற்றினார். தகரமாவது திரும்பி வந்தால் அவள் உள்ளே வருவாளே! உமி சாக்குச் சாக்காக இறங்கியது. ஒரு பூச்சி இல்லை, ஒரு சொட்டு ஈரம் இல்லை. அள்ளும்போது கை உள்ளே குளிர்ந்தது. பத்து வருஷத்துக்குத் தாங்கியிருக்கும். மூட்டைகளைத் தோளில் தூக்கி இறக்கும்போது அவருக்கு அழுகை வந்தது. தூசி விழுந்ததாகச் சொல்லிக்கொண்டு துண்டால் துடைத்துக்கொண்டார். அந்த உமி வீணாகவில்லை. பள்ளிக்கூடத்து முதல் வகுப்பறைக்குப் போனது.

அக்கா உள்ளே வந்தாள், ஆனால் அறை பழையபடி கொதித்தது. அதற்குப் பிறகு என்னென்னவோ செய்து பார்த்தார். தகரத்துக்கு மேல் சுண்ணாம்பு அடித்தார். கொஞ்சம் கேட்டது, போதவில்லை. ஈரச் சாக்கு விரித்தார். விரித்த வேகத்தில் காய்ந்தது. தென்னை நார், வைக்கோல், பழைய காகிதம், ஆட்டு ரோமம் என்று அவருக்குத் தெரிந்த சரக்கு எல்லாமே அடைத்து மூடுகிற சரக்கு. எரியாத சரக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கடைப் படியேறுகிற நிலையில் இவர் இல்லை. மண்ணையே நிஜமாகக் கொட்டலாமா என்று யோசித்தார். அந்தக் கூரைச் சட்டம் பாரம் தாங்காது. பொய் சொல்ல நன்றாக இருந்தது, செய்ய முடியாது.

பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பறைக்கு உமி நிரப்பிக்கொண்டிருந்தபோது தையற்காரம்மா ஆள் விட்டு அனுப்பினாள். அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். இந்த முறை மீட்பதற்கு நேரம் பிடித்தது. இடது கையும் காலும் சரியாக வரவில்லை. டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் சொன்னேனே" என்று மட்டும் சொன்னார்.

அக்கா கண் திறந்தபோது உமிக்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் உமி. எழுந்து உதறிவிட்டு வரலாம் என்று பார்த்தார். அவள் நல்ல கையால் அவரைப் பிடித்துக்கொண்டாள். வார்த்தை குழறிக் குழறி வந்தது.

"ஏன்டா காட்டினே?"

"தெரியாம செஞ்சுட்டேன்க்கா."

"நல்லா இருந்துச்சுடா. தூங்கினேன். எத்தனை வருஷம் கழிச்சுத் தூங்கினேன்! அப்படியே விட்டிருக்கலாமே. எனக்குத் தெரியாமலே இருந்திருக்குமே."

உமிக்காரர் அவள் கையைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். "மறுபடியும் போட்டுடறேன்க்கா. இன்னைக்கே போட்டுடறேன். சரின்னு ஒரு வார்த்தை சொல்லு."

"போடு" என்றாள் அக்கா. வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அவருக்காகக் கொஞ்சம் தலையைக்கூட ஆட்டினாள். "ஆனா இப்ப எனக்குத் தெரியுமேடா."

வெளியே வெயில் சாயவில்லை. கோடை முடிய இன்னும் நிறைய நாள் இருந்தது.